பேசுவதற்கென்று இருந்த பத்து நிமிடத்தில் கை வைக்காதீர்கள்

நகரக் கல்வி வாரியத்தின் கண்காணிப்பாளர் அவர்களுக்கும் பள்ளிக்கல்விப் பிரிவு அதிகாரிகளுக்கும்,

ஜப்பானில் மடல் என்றால் பருவத்தைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவது வழக்கம். நீங்கள் பள்ளிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் அந்த நாலு வரி இல்லை. இதிலும் இல்லை.

வரும் ஏப்ரலிலிருந்து தொடக்கப்பள்ளி ஐந்தாம், ஆறாம் வகுப்பு ஆங்கிலத்தில் மூன்று மாற்றங்கள் என்று அறிவித்திருக்கிறீர்கள். பாடவேளையின் தொடக்கத்தில் நடந்துவந்த 'ஸ்மால் டாக்' என்கிற ஜோடிப் பேச்சுக்கான பத்து நிமிடம் இனி கிடையாது. அந்த நேரத்தில் பிள்ளைகள் டேப்லெட்டைப் பார்த்து உச்சரிப்புப் பயிற்சி செய்வார்கள், மதிப்பெண்ணை மென்பொருளே போட்டுவிடும். ஏஎல்டி என்கிற வெளிநாட்டுத் துணை மொழி ஆசிரியர் வாரம் ஒருமுறை வருவது மாதம் ஒருமுறையாகிறது. பருவத்துக்கு ஒரு பேச்சுத் தேர்வு புதிதாக வருகிறது. இதெல்லாம் ஆங்கிலம் பேசுவதில் பிள்ளைகளுக்கு ஆர்வத்தை வளர்ப்பதற்காம். இருக்கிற ஆர்வமும் இதனால் போய்விடும் என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஜப்பானிய வடிவம் உங்கள் அலுவலகத்துக்குத் தபாலில் வருகிறது. எழுதுவது இந்நகரப் பள்ளிகளில் வேலை செய்யும் தமிழ் பேசும் ஏஎல்டிகளான நாங்கள், அதனால் தமிழிலும் பொதுவில் வைக்கிறோம். இந்த வேலைக்கு வர நினைக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் நிலவரம் தெரிய வேண்டும்.

முதலில் அந்தப் பத்து நிமிடத்தைப் பிரித்துப் பார்ப்போம். வகுப்பாசிரியரும் ஏஎல்டியும் பேசிக்காட்ட 2 நிமிடம். பிள்ளைகள் ஜோடியாக ஒன்றரை நிமிடம் பேசுவார்கள். பிறகு பேச்சை நிறுத்திவிட்டு இரண்டரை நிமிடம் இடைத்திருத்தம். அதன்பின் ஜன்னலோர வரிசை அப்படியே இருக்க, பக்கத்து வரிசை ஒவ்வோர் இருக்கையாக நகரும். புது ஜோடியோடு ஒன்றரை நிமிடம். மறுபடி நகர்ந்து இன்னொரு ஒன்றரை நிமிடம். நகர்வதற்கு மொத்தம் 1 நிமிடம் போகும். ஆக, பேச்சு என்பது நாலரை நிமிடம். அதில் பாதி எதிராளியுடையது. ஒரு பிள்ளையின் வாயிலிருந்து ஆங்கிலம் வருவது ஏறத்தாழ 2 நிமிடம் 15 விநாடி. ஆண்டுக்கு 70 பாடவேளை. பெருக்கிப் பார்த்தால் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஓர் ஆண்டில் ஒரு பிள்ளை தன் சொந்த விஷயத்தைத் தானாகப் பேசும் நேரம் இவ்வளவுதான். நீங்கள் வெட்டியது இதைத்தான்.

அதே பத்து நிமிடத்தில் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டால் 35 பேர் வகுப்பில் தலைக்கு 17 விநாடி வரும். அதிலும் பாதி எழுந்து நிற்கவே போய்விடும்.

இடைத்திருத்தத்தை ஜப்பானிய ஆசிரியர்கள் 'சூகான் ஷிதோ' என்பார்கள். உயிர் இருப்பது அங்கேதான். ஆசிரியர் கேட்பது ஒரே கேள்வி: சொல்ல நினைத்துச் சொல்ல முடியாமல் போனது என்ன? 'ஐ கேன்' பாடம் நடக்கும்போது இந்தக் கேள்விக்கு ஐந்தாம் வகுப்பில் வரும் விடைகளில் ஒன்று 'நிஜூதோபி'. ஒரே குதியில் கயிற்றைக் காலடியில் இரண்டு முறை சுழற்றுவது. அதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று ஆசிரியருக்கும் தெரியாது. தெரிந்த ஏஎல்டி வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும், இது முக்கியம். ஐந்து விநாடி, எட்டு விநாடி அமைதி. பிறகு ஒரு மூலையிலிருந்து "ஜம்ப், டூ" என்று வரும். இன்னொருவர் கையைச் சுழற்றிக்கொண்டே "ஒன் ஜம்ப், டூ ரோப்" என்பார். ஏஎல்டி புருவத்தை உயர்த்தி, ஒருமுறை குதித்து, விரலால் இரண்டு வட்டம் போட்டு, "இதுவா?" என்பார். வகுப்பே "யெஸ்!" என்று கத்தும். அடுத்த ஜோடியில் அந்த வகுப்பின் பாதிப்பேர் கயிற்றைப் பற்றித்தான் பேசுவார்கள், 'கேன்' என்ற சொல்லை முப்பது முறை சொல்லி. யாரும் அவர்களைச் சொல்லச் சொல்லவில்லை.

அந்தக் கூச்சலில் இருக்கும் மகிழ்ச்சி எதனால் வந்தது? எதிரில் இருந்தவருக்கு நிஜமாகவே தெரியாத ஒன்றை, கையில் இருந்த நாலு சொல்லை வைத்துத் தெரியவைத்துவிட்டோம் என்பதால். டேப்லெட்டுக்கு எல்லா விடையும் முன்பே தெரியும். அதனிடம் சொல்வதற்கு எதுவும் இல்லை, ஒப்பிக்கத்தான் முடியும்.

ஒப்பிப்பதிலாவது மென்பொருள் உதவுமா? அது தடுமாறும் இடங்களைச் சொல்கிறோம். ஜப்பானிய மொழியில் ர, ல இரண்டுக்கும் சேர்த்து ஓர் ஒலிதான். சோறு பிடிக்கும் என்று சொல்ல வந்து "ஐ லைக் ரைஸ்" என்ற பிள்ளையின் திரையில் 'லைஸ்' என்று விழும். லைஸ் என்றால் பேன். பக்கத்து மேசை எட்டிப் பார்க்கும், சிரிக்கும். சிரிப்புக்குப் பயந்து அடுத்த வாக்கியத்தைப் பிள்ளை முணுமுணுக்கும். குரல் தாழ்ந்தால் மைக் இன்னும் தப்பாகப் பிடிக்கும், மதிப்பெண் இன்னும் இறங்கும், குரல் இன்னும் தாழும். 35 பேர் ஒரே அறையில் ஒரே நேரத்தில் பேசினால் பக்கத்துக் குரலும் மைக்கில் ஏறும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எதிரில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தால் இந்தச் சிக்கலே கிடையாது. பேன் பிடிக்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

ர, ல மீது இத்தனை கவனம் தேவையும் இல்லை. ஜப்பானியப் பிள்ளை பேசுவது வெளிநாட்டவருக்குப் புரியாமல் போவதற்குப் பெரிய காரணம் தாளம். 'ன்' போன்ற ஒலி ஒன்றைத் தவிர மெய்யில் சொல் முடியாத மொழி அது. அதனால் ஆங்கிலத்தில் ஒரே அசையாக இருக்கும் 'ஸ்ட்ரைக்', அந்நியச் சொற்களை எழுதும் ஜப்பானிய எழுத்தான கதகானாவில் எழுதிப் படித்தால் சு-தொ-ரா-இ-கு என்று ஐந்து தட்டாகிறது. 'மில்க்' மி-ரு-கு ஆகி மூன்று தட்டு. 'மெக்டொனால்ட்' மா-கு-தொ-நா-ரு-தொ, ஆறு. கேட்பவருக்கு எது மூலச்சொல், எது ஒட்டிக்கொண்ட உயிர் என்றே பிடிபடாது. (இதில் தமிழர்களான நாங்கள் சிரிக்க முடியாது. வல்லின மெய்யில் சொல்லை முடிக்காத எங்கள் நாக்கும் 'பஸ்ஸு' என்றுதான் ஏறி இறங்கும். ஒரு வேளை அதனால்தான் இந்தக் கோளாறு எங்களுக்குச் சட்டென்று காதில் படுகிறதோ என்னவோ.) மருந்து எளிது. கை தட்டச் சொன்னால் போதும். 'ஸ்ட்ரைக்' சொல்லும்போது ஒரே தட்டு. ஐந்து எழுத்தையும் அந்த ஒரு தட்டுக்குள் அடைக்க வேண்டும். மூன்று முறை முயன்றால் பிள்ளைக்கே சிரிப்பு வரும், வாயும் திரும்பிவிடும். தாளம் முதலில், அழுத்தம் அடுத்தது, ர-ல கடைசியில். மென்பொருள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, எழுத்து எழுத்தாகச் சிவப்புக் கோடு போடுகிறது.

உங்கள் அதிகாரிகள் வகுப்பைப் பார்வையிட வரும் நாளில் பிள்ளைகள் கப்சிப் என்று இருப்பதால் ஆர்வம் இல்லை என்ற முடிவுக்கு வந்திருக்கலாம். பல்கலைக்கழக வகுப்பிலும் இதே அமைதிதான். ஒன்பது ஜப்பானியப் பல்கலைக்கழகங்களின் ஆங்கில வகுப்புகளில் 48 மணி நேரம் உட்கார்ந்து கணக்கெடுத்த ஜிம் கிங் என்ற ஆய்வாளர், மாணவர்கள் தாமாக முன்வந்து பேசியது ஒரு சதவீதம்கூட இல்லை என்று 2013-இல் எழுதினார். ஆனால் அமைதிக்குப் பின்னால் இருப்பது வெறுப்பு என்று எடுத்துக்கொண்டால் மருந்து தப்பாகும். முப்பத்து நான்கு பேர் கேட்க ஒருவர் மட்டும் பேசுவதுதான் இங்கே 'ஹஸுகாஷீ', கூச்சம். தப்பாகப் பேசினாலும் கூச்சம், ரொம்பச் சரியாகப் பேசினாலும் கூச்சம். வெளிநாட்டில் வளர்ந்து திரும்பிய பிள்ளை, தனக்கு நன்றாக வரும் உச்சரிப்பை வேண்டுமென்றே கதகானாத் தாளத்துக்குத் தட்டையாக்கிப் பேசுவது இந்த நாட்டில் எல்லா ஆசிரியருக்கும் தெரிந்த சங்கதி. நம் ஊரில் "பீட்டர் விடுறான்" என்பார்களே, அதே பயம். ஜோடியாகப் பேசும்போது அறை முழுக்க இரைச்சல். யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. கூச்சம் மறைவதற்கு அந்த இரைச்சல்தான் திரை. காதுக்கு ஹெட்செட் மாட்டி, அமைதியான அறையில், பதிவாகிறது என்று தெரிந்து தனியே பேசு என்றால் அந்தத் திரையைப் பிடுங்கிவிடுகிறீர்கள்.

யாஷிமா தோமோகோ 2002-இல் ஜப்பானிய மாணவர்களுக்குப் பேசும் விருப்பம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தார். வெளியுலகத்தாரோடு பழக வேண்டும் என்ற நாட்டமும், என்னால் பேச முடியும் என்ற நம்பிக்கையும்தான் அவருக்குக் கிடைத்த விடை. முதலாவதற்கு வெளியுலகத்தார் ஒருவராவது கண்ணெதிரே வேண்டும். அவரைத்தான் மாதம் ஒருமுறை ஆக்கியிருக்கிறீர்கள்.

அதன் கணக்கு இது. 35 பேர் வகுப்பில் ஜோடி சேர்த்தால் ஒருவர் மிஞ்சுவார். மிஞ்சியவருக்கு ஏஎல்டிதான் ஜோடி. வரிசை நகர நகர அந்த இடத்துக்கு வேறு வேறு பிள்ளை வரும்: ஒரு பாடவேளைக்கு மூன்று பேர். வாரம் ஒருமுறை வந்தால் 35 வாரத்தில் 105 வாய்ப்பு. ஒரு பிள்ளைக்கு ஆண்டில் மூன்று முறை. மூன்று என்பதே குறைவு, ஆனால் முதல் முறை நடுங்கியவர் மூன்றாம் முறை கேள்வி கேட்கிறார். மாதம் ஒருமுறை என்றால், ஆகஸ்ட் விடுமுறை போக 11 வருகை, 33 வாய்ப்பு. இரண்டு பிள்ளைகளுக்கு ஆண்டு முழுவதும் ஒருமுறைகூடக் கிடைக்காது.

தேசிய அளவிலான தேர்வு முடிவைக் காட்டி நீங்கள் பதில் சொல்வீர்கள் என்று தெரியும். நடுநிலைப் பள்ளி மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கான பேச்சுப் பகுதியில் 2019-இல் சராசரியாக 30.8 சதவீத விடைகள் சரி, 2023-இல் 12.4. அதிர்ச்சியான எண்தான். ஆனால் மாணவர்கள் விழுந்தது எதில் என்று பார்க்க வேண்டும். ஒருவர் பேசுவதைக் கேட்டுவிட்டு, அதைப் பற்றித் தன் கருத்தையும் காரணத்தையும் உடனே சொல்ல வேண்டியிருந்த இடத்தில்தான் அவர்கள் திணறினார்கள். அப்படிப்பட்ட கேள்விக்குத் திரும்பச் சொல்லும் பயிற்சி எந்த வகையில் உதவும்? கேட்டு, யோசித்து, பதில் சொல்வதை 2020-இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டமே 'யாரிதோரி', அதாவது கொடுக்கல் வாங்கலான பேச்சு என்று தனித் திறனாக வைத்திருக்கிறது. ஸ்மால் டாக் இருப்பதே அதற்காகத்தான்.

பேச்சுத் தேர்வுக்கு வருவோம். 35 பேர், ஒருவருக்கு 2 நிமிடம், உள்ளே வெளியே போக அரை நிமிடம். 87.5 நிமிடம், முழுதாக இரண்டு பாடவேளை. மூன்று பருவத்துக்கு ஆறு. அந்த நேரமெல்லாம் தாழ்வாரத்தில் ஏஎல்டி ஒரு பிள்ளையோடு இருக்க, உள்ளே 34 பேர் அச்சிட்ட தாளை நிரப்பிக்கொண்டு இருப்பார்கள். தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே ஆங்கில வாக்கியத்துக்கு மேலே கதகானா எழுதிய தாள் வகுப்பில் சுற்றத் தொடங்கும். அதை மனப்பாடம் செய்த பிள்ளை தாழ்வாரத்தில் ஐந்து வாக்கியத்தை மூச்சு விடாமல் சொல்லி முடிக்கும். "நீ போன கோடையில் கடலுக்குப் போனாயா? யாரோடு?" என்று தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டால் முகம் வெளிறிவிடும். மதிப்பீட்டுத் தாளில் மூன்று கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஏ, பி, சி. ஐந்து வாக்கியம் சொன்னவருக்கு ஏ. யோசித்து யோசித்து இரண்டு வாக்கியம் சொன்னவருக்குச் சி. இரண்டாமவர்தான் பேசினார்.

டோக்கியோவில் 2022 நவம்பரில் டேப்லெட் வழிப் பேச்சுத் தேர்வு தொடங்கி, உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கையில் 20 புள்ளி அதற்கு என்று ஆனதும், பக்கத்தில் இருப்பவரின் விடை காதில் விழுகிறது என்று புகார் எழுந்ததும் எல்லோரும் அறிந்ததே. பதினைந்து வயதில் வரப்போகும் அந்தச் சுமையைப் பத்து வயதுக்கு இழுத்து வர வேண்டாம்.

குறை எங்கள் பக்கமும் உண்டு, மறைக்கவில்லை. மூன்றாம், நான்காம் வகுப்பில் ஏஎல்டிகள் நடத்துவதில் பாதி விளையாட்டு. இரண்டு பேருக்கு நடுவில் ஒரு ரப்பர் இருக்கும். கையைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஆசிரியர் சொல்வதைத் திரும்பச் சொல்ல வேண்டும். குறித்துவைத்த சொல் வந்ததும் ரப்பரைப் பறிக்க வேண்டும். அறை அதிரும். நீங்களும் வந்து பார்த்துப் பாராட்டியிருக்கிறீர்கள். அந்தக் குதூகலம் ரப்பருக்கானது, ஆங்கிலத்துக்கானது அல்ல. ஆறாம் வகுப்பில் ரப்பர் அலுத்ததும் ஆங்கிலமும் சேர்ந்து அலுக்கும். விளையாட்டை நம்பி ஓட்டியதன் விலை அது. ஆனால் அதற்குத் தீர்வு விளையாட்டின் இடத்தில் உண்மையான பேச்சை வைப்பது. திரையை வைப்பது அல்ல.

ஒப்பந்த விஷயத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏஎல்டியை 'க்யோமு இதாகு', அதாவது வேலையை வெளியே குத்தகைக்கு விடும் முறையில் எடுத்தால், வகுப்பாசிரியர் அவருக்கு நேரடியாக வேலை சொல்லச் சட்டப்படி முடியாது. நிறுவனம் வழியாகத்தான் சொல்ல வேண்டும். "இன்னொரு சுற்றுப் பேசவைக்கலாம், நீங்கள் அந்த ஓரம் போங்கள்" என்று வகுப்பு நடுவே சொன்னால் அதுவே விதிமீறல். இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் பாடத்தை, இரண்டு பேரும் பேசிக்கொள்ளக் கூடாத முறையில் ஏற்பாடு செய்துவிட்டு, பலன் இல்லை என்று வருகையைக் குறைப்பது நியாயமா?

எங்கள் கோரிக்கைகள் இவை. ஐந்து, ஆறாம் வகுப்பில் பாடத்தொடக்கப் பத்து நிமிடம் ஜோடிப் பேச்சுக்கே இருக்கட்டும். அறிவிப்பின் அந்தப் பகுதியைத் திரும்பப் பெறுங்கள். டேப்லெட் வேண்டாம் என்று சொல்லவில்லை. மதிப்பெண் காட்டுவதை அணைத்துவிட்டு, ஏப்ரலில் 30 விநாடி, பிப்ரவரியில் 30 விநாடி பிள்ளை தன் குரலைப் பதிவுசெய்து, இரண்டையும் தானே கேட்டுப் பார்க்கட்டும். அதற்கு அது அருமையான கருவி.

ஏஎல்டி வருகை இந்த இரண்டு வகுப்புகளுக்காவது வாரம் ஒருமுறை தொடர வேண்டும். பணம் போதாது என்றால் மூன்று, நான்காம் வகுப்பு வருகையைக் குறையுங்கள். எங்கள் வேலை நேரம் குறைந்தாலும் இதைச் சொல்கிறோம். வரும் நாளில் மதிய உணவும் வகுப்பிலேயே, ஒவ்வொரு முறையும் வேறு குழுவோடு. அடுத்த ஒப்பந்தத்தை வகுப்பாசிரியர் நேரடியாக வேலை சொல்லக்கூடிய முறைக்கு மாற்றுங்கள்.

பேச்சுத் தேர்வு வைத்தே தீர வேண்டும் என்றால் ஆண்டுக்கு ஒன்று, ஜோடியாக, தாள் இல்லாமல். 18 குழு, தலா 3 நிமிடம், 54 நிமிடத்தில் முடியும். எதிராளி சொன்னதைக் கேட்டு ஒரு கேள்வியாவது கேட்டாரா, தெரியாத சொல் வந்தபோது வேறு வழியில் சொல்லிப் பார்த்தாரா என்ற இரண்டை மட்டும் பாருங்கள். உச்சரிப்புக்கு மதிப்பெண் வேண்டாம்.

ஏப்ரலுக்கு முன் பிள்ளைகளிடம் பெயர் எழுதாத தாளில் மூன்று கேள்வி கேளுங்கள்: ஆங்கிலத்தில் யாரிடம் என்ன சொல்ல ஆசை, எப்போது பேசப் பிடித்தது, எப்போது வாயை மூடிக்கொள்ளத் தோன்றியது. விடைகளைத் தொகுக்காமல் அப்படியே வெளியிடுங்கள். அறிவிப்பைத் தயாரித்த அதிகாரிகள் ஒரு நாள் வகுப்புக்கு வந்து, பின்வரிசையில் நிற்காமல், மிஞ்சிய பிள்ளைக்கு ஜோடியாக மூன்று சுற்று உட்கார்ந்து பேச வேண்டும் என்றும் கேட்கிறோம். ஆங்கிலம் சரளமாக வராதவர் வந்தால் இன்னும் நல்லது.

மார்ச் மாத நகரமன்றக் கூட்டத்தில் பட்ஜெட் நிறைவேறும் முன் எங்களுக்கும் பள்ளிகளுக்கும் எழுத்தில் பதில் வேண்டும்.

இந்நகரப் பள்ளிகளில் பணிபுரியும்
தமிழ் பேசும் துணை மொழி ஆசிரியர்கள்